இன்யோ கவுன்டி கட்டுரை வரைவு: மூன்று வரிகள் இடிக்கின்றன

#1 செங்குட்டுவன்

கலிஃபோர்னியாவின் இன்யோ கவுன்டி பற்றித் தமிழில் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு வரைவு தயார். அடிப்படைத் தகவல்களில் சிக்கல் இல்லை. பரப்பு சுமார் 26,490 சதுர கி.மீ., மாநிலத்தில் சான் பெர்னார்டினோவுக்கு அடுத்த பெரிய கவுன்டி. 2020 கணக்கெடுப்பில் 19,016 பேர். தலைமையிடம் இண்டிபெண்டன்ஸ். நகராட்சி அந்தஸ்து உள்ள ஊர் பிஷப் மட்டும்.

இடிக்கும் வரிகள் இவை:

அ) "1866-இல் டுலாரி, மோனோ கவுன்டிகளிலிருந்து பிரிக்கப்பட்டது."
ஆ) "லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஓவன்ஸ் ஆற்று நீரைத் திருடியதால் விவசாயம் அழிந்தது."
இ) "ஓவன்ஸ் ஏரி இன்று வறண்ட ஏரி."

எங்கே பார்த்தாலும் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1905-இல் நடந்த திருட்டுக்கு 1924-இல் ஏன் நகரத்தின் கால்வாய்க்கு வெடி வைத்தார்கள்? வறண்ட ஏரி என்றால், செயற்கைக்கோள் படத்தில் கட்டம் கட்டமாக நீலமாகத் தெரிவது என்ன? விவரம் தெரிந்தவர்கள் வரிவரியாகத் திருத்தினால் நன்று.

#2 கல்லணையான்

முதலில் நில அமைப்பு. அதை விட்டுவிட்டுத் தண்ணீர்ச் சண்டையை எழுதினால் வாசிப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

ஓவன்ஸ் பள்ளத்தாக்கை ஆறு அரித்து உண்டாக்கவில்லை. மேற்கே சியரா நெவாடா, கிழக்கே வைட்–இன்யோ மலைத்தொடர், நடுவில் பிளவுகளுக்கு இடையே தரை இறங்கிப்போன பள்ளம். லோன் பைன் ஊர் சுமார் 1,136 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் விட்னி சிகரம், 4,421 மீட்டர். அதே கவுன்டியின் கிழக்கில் டெத் வேலியின் பேட்வாட்டர், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. இரண்டுக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 136 கி.மீ. தான்.

பசிபிக் ஈரமெல்லாம் சியராவின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். பிஷப்பில் ஆண்டு மழை ஐந்து அங்குலம் வந்தாலே பெரிது. ஆக, விவசாயத்துக்குத் தண்ணீர் வானத்திலிருந்து வரவில்லை, உச்சியில் உருகும் பனியிலிருந்து வருகிறது. ஊர்ப் பெயர்களையே பாருங்கள்: பிஷப் கிரீக் ஓடையில் பிஷப், பிக் பைன் கிரீக்கில் பிக் பைன், இண்டிபெண்டன்ஸ் கிரீக்கில் இண்டிபெண்டன்ஸ், லோன் பைன் கிரீக்கில் லோன் பைன். நான்கும் மேற்குப் பக்கத்தில், ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் விசிறிகளின் அடிவாரத்தில். கிழக்குப் பக்கம் ஓடை அபூர்வம். அங்கே இருந்த லாஸ், கீலர் இரண்டையும் ரயிலும் சுரங்கமும்தான் உண்டாக்கின.

ஓவன்ஸ் ஆறு கடலைச் சேராது, ஓவன்ஸ் ஏரியோடு முடிந்துவிடும். வெளியேற வழியில்லாத ஏரி என்பதால் உப்பும் சோடாவும் அங்கேயே தங்கும். வரி (இ)-க்கு வரும்போது இது தேவைப்படும்.

இன்னொன்று: இன்யோ எல்லைக்குள் சியராவைக் குறுக்கே கடக்கும் மாநில நெடுஞ்சாலை ஒன்றுகூட இல்லை. மேற்கே போக வேண்டுமானால் தெற்கே வாக்கர் கணவாய், அல்லது வடக்கே டியோகா கணவாய். டியோகா பனிக்காலத்தில் மூடியிருக்கும். வரைபடத்தில் பக்கத்து வீடு மாதிரித் தெரியும் டுலாரி கவுன்டிக்கு ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும்.

#3 மீனலோசனி

1872 நிலநடுக்கத்தையும் இந்தப் பகுதியிலேயே சேர்த்துவிடுங்கள். மார்ச் 26, அதிகாலை சுமார் 2:30. அளவு 7.4 முதல் 7.9 வரை மதிப்பிடுகிறார்கள். 1857, 1906 இரண்டோடு சேர்த்து கலிஃபோர்னியாவின் மூன்று பெரிய நடுக்கங்களில் ஒன்று. லோன் பைனில் 59 வீடுகளில் 52 இடிந்தன, 27 பேர் இறந்தார்கள். காரணம் சுவர். மரம் கிடைக்காத இடம் என்பதால் பச்சை மண்கல்லில் கட்டியிருந்தார்கள். மண்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டு உலுக்கலைத் தாங்காது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அப்படியே சரிந்தது.

பொதுவாக "தரை தாழ்ந்தது" என்று எழுதுகிறார்கள். நகர்வின் பெரும்பங்கு கிடைமட்டம், ஏறத்தாழ ஆறு மீட்டர். செங்குத்து நகர்வு ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் செங்குத்துப் படி இன்றும் லோன் பைனுக்கு மேற்கே கண்ணுக்குத் தெரிகிறது, கிடைமட்ட நகர்வைப் பழைய வேலிக்கோடும் ஓடைத்தடமும் வைத்துத்தான் அளக்க முடியும். அதனால்தான் இந்தக் குழப்பம்.

#4 செங்குட்டுவன்

நன்றி. வரைவில் "விட்னியைவிடப் பழமையான அலபாமா ஹில்ஸ் பாறைகள்" என்று ஒரு வரி இருக்கிறது. சரியா?

#5 கல்லணையான்

தவறு, எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே கருங்கல் குடும்பம், வயதும் ஏறக்குறைய ஒன்றே, எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு மேல். விட்னி பனியில் உடைந்து கூராக நிற்கிறது. அலபாமா ஹில்ஸ் மண்ணுக்குள் புதைந்திருந்தபோதே ஈரம் விரிசல் வழியாக மூலைகளைத் தின்று உருட்டிவிட்டது, பிறகு மேல்மண் போய் வெளியே வந்தது. உருண்டையாக இருப்பதைப் பார்த்துக் கிழவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பெயர்க்கதை மட்டும் உண்மையிலேயே சுவையானது. உள்நாட்டுப் போரில் தென்பக்கம் சாய்ந்த சுரங்கக்காரர்கள், கூட்டமைப்பின் போர்க்கப்பலான 'அலபாமா' பெயரைக் குன்றுகளுக்கு வைத்தார்கள். 1864 ஜூனில் அந்தக் கப்பலை 'கியர்சார்ஜ்' மூழ்கடித்தது. உடனே வடபக்கத்து ஆட்கள் சற்று வடக்கே இருந்த சுரங்கத்துக்கு கியர்சார்ஜ் என்று பெயர் வைத்தார்கள். கணவாய்க்கும் சிகரத்துக்கும் அதே பெயர்.

#6 ஆவணப்பூனை

வரி (அ)-வுக்கு வருகிறேன். பழைய பத்திரம் தேடுகிறவர்களை நேராகத் தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கும் வரி அது.

1864-இல் சட்டமன்றம் கோசோ என்ற பெயரில் ஒரு கவுன்டியை அறிவித்தது. அது கடைசிவரை அமைப்பாகவே இல்லை. 1866 மார்ச் 22-இல் அதே நிலத்தைக் கொண்டு இன்யோ உருவானது. ஆனால் அப்போதைய வடக்கு எல்லை பிக் பைன் ஓடை. பிஷப் பகுதி 1870 வரை மோனோவில் இருந்தது. 1872-இல் சான் பெர்னார்டினோ, கெர்ன் பக்கமிருந்தும் நிலம் சேர்ந்தது. ஆகவே:

பிஷப் நிலம், 1861 முதல் 1870 வரை என்றால் மோனோ கவுன்டி. இதிலும் ஒரு பள்ளம் உண்டு. மோனோவின் முதல் தலைமையிடம் அரோரா. 1863-இல் எல்லையை அளந்தபோது அரோரா நெவாடா பக்கம் இருப்பது தெரிந்தது, தலைமையிடத்தை பிரிட்ஜ்போர்ட்டுக்கு மாற்றினார்கள். இண்டிபெண்டன்ஸ், லோன் பைன் பக்கம் 1866-க்கு முன் என்றால் டுலாரி, அதாவது வைசேலியா. டெத் வேலியின் தென்பகுதி 1872-க்கு முன் என்றால் சான் பெர்னார்டினோ.

அடுத்த தவறு நில அளவைக் குறிப்பில் வரும். அமெரிக்கப் பொதுநில அளவையில் ஒரு 'டவுன்ஷிப்' என்பது ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம். உள்ளே 36 'செக்‌ஷன்', ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண் வடகிழக்கு மூலையில் 1-இல் தொடங்கி மேற்கே 6 வரை போய், அடுத்த வரிசையில் 7 முதல் கிழக்கே திரும்பும், உழவு மாடு திரும்புவதுபோல. இதுவரை எல்லாருக்கும் தெரியும். இன்யோவில் மட்டும் இரண்டு மூல அளவைக் கோடுகள் ஓடுகின்றன. ஓவன்ஸ் பள்ளத்தாக்கு டயாப்லோ மலைக் கோட்டிலிருந்து 'தெற்கு, கிழக்கு' என எண்ணப்படும். ஃபர்னஸ் கிரீக், ஷோஷோன், டெக்கோப்பா உள்ள தென்கிழக்கு சான் பெர்னார்டினோ கோட்டிலிருந்து 'வடக்கு, கிழக்கு' என எண்ணப்படும். பத்திரத்தில் எந்தக் கோடு என்பதைக் குறிக்காமல் படியெடுத்தால் நிலம் நூறு மைல் தள்ளிப் போய்விடும்.

#7 நீர்வரி

பூனையார் சொன்னதோடு இதையும் சேர்க்கவும். பழைய நீருரிமைப் பதிவுகளில் 'மைனர்ஸ் இஞ்ச்' என்று இருக்கும். பலகையில் ஓர் அங்குலச் சதுரத் துளை வழியாக, மேலே குறிப்பிட்ட உயரம் தண்ணீர் நிற்கும்போது பாய்கிற அளவு அது. பழைய வழக்கப்படி 50 இஞ்ச் சேர்ந்தால் வினாடிக்கு ஒரு கன அடி. 1901 சட்டத்துக்குப் பிறகு 40 இஞ்ச் சேர்ந்தால் ஒரு கன அடி. 1880-களில் 2,000 இஞ்ச் என்று பதிந்த ஒரு வாய்க்கால் பழைய கணக்கில் 40 கன அடி, புதிய கணக்கில் 50. ஆண்டைப் பார்க்காமல் பெருக்கிவிட்டு "ஆற்றில் இருந்ததைவிட அதிக உரிமை கொடுத்தார்கள்" என்று எழுதக்கூடாது. அதிக உரிமை கோரியதும் உண்மைதான், ஆனால் அது வேறு கதை.

இனி வரி (ஆ). 'திருட்டு' என்ற சொல் கோபத்தைச் சொல்கிறது, நடந்த முறையைச் சொல்லவில்லை. முறை இதுதான்.

1904–05-இல் லாஸ் ஏஞ்சலஸின் முன்னாள் மேயர் ஃபிரெட் ஈட்டன் பள்ளத்தாக்கில் நிலத்தையும் அதோடு ஒட்டிய நீருரிமையையும் விலைபேசி வாங்கினார். அப்போது மத்திய அரசின் பாசனத் துறையும் அங்கே ஒரு திட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தது. அந்தத் துறையின் பொறியாளர் ஜே. பி. லிப்பின்காட் அதே நேரத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திடமும் ஆலோசகராகக் காசு வாங்கிக்கொண்டிருந்தார். விற்றவர்கள் பலர் மத்தியத் திட்டத்துக்காக வாங்குகிறார்கள் என்றே நம்பினார்கள். ஏமாற்று எங்கே என்று கேட்டால் இங்கேதான். பத்திரம் சட்டப்படி செல்லும், ஆனால் யாருக்கு விற்கிறோம் என்பது விற்றவனுக்குத் தெரியாது.

1905-இல் 15 லட்சம் டாலர், 1907-இல் 2.3 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு நகர வாக்காளர்கள் சம்மதித்தார்கள். 1906-இல் மத்திய அரசு நிலத்தில் வழியுரிமை கிடைத்தது. 1908-இல் கால்வாய் வேலை தொடங்கி 1913 நவம்பர் 5-இல் தண்ணீர் லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தது. 375 கி.மீ., வழியில் ஒரு பம்புகூடக் கிடையாது. எல்லாம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு.

#8 செங்குட்டுவன்

சரி, 1913-இல் தண்ணீர் போய்விட்டது. பிறகு 11 ஆண்டு ஏன் அமைதி?

#9 நீர்வரி

ஏனென்றால் ஆற்றை மடக்கும் தலைமதகு இண்டிபெண்டன்ஸுக்கு வடக்கே, பள்ளத்தாக்கின் நடுவில் இருக்கிறது. அதற்கு மேலே இருந்த பிக் பைன், பிஷப் விவசாயிகள் 1913-க்குப் பிறகும் தங்கள் வாய்க்கால்களில் வழக்கம்போல் பாசனம் செய்தார்கள். நகரம் எடுத்தது அவர்கள் எடுத்தது போக மீதி.

1920-களின் தொடக்கத்தில் வறட்சி. மேலே எடுத்தது போக மதகுக்கு வந்தது போதவில்லை. இப்படிப்பட்ட ஆண்டுகளுக்குத்தான் சேமிப்பு அணை. அணைக்கு ஏற்ற இடம் மோனோ கவுன்டியில் உள்ள லாங் வேலி, அது ஈட்டன் கையில் இருந்தது. அவர் பத்து லட்சம் டாலர் கேட்டார். தலைமைப் பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் கொடுக்க மறுத்தார். இரண்டு பழைய நண்பர்களின் பிடிவாதம், அவ்வளவே. அணை இல்லாததால் நகரம் மேல்மடை வாய்க்கால்களையே வாங்க இறங்கியது. 1923-இல் மெக்னலி வாய்க்கால். ஒரு பண்ணையை வாங்கி, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததை வாங்குவது என்ற பாணி. வாய்க்கால் சங்கத்தில் பாதிப் பேர் போய்விட்டால் மிச்சப் பேர் தூர்வாரும் செலவைச் சுமக்க முடியாது, தண்ணீரும் கடைமடைக்கு வந்து சேராது. விற்காதவனும் விற்றாக வேண்டும்.

1924 மே 21-இல் லோன் பைன் அருகே முதல் வெடி. நவம்பர் 16-இல் சுமார் 70 பேர் அலபாமா மதகுகளைக் கைப்பற்றினார்கள். மதகுகளைத் திறந்தால் கால்வாய் நீர் முழுவதும் சரிவில் இறங்கிப் பழைய ஆற்றுத் தடத்துக்குப் போய்விடும். பராமரிப்புக்காக நகரமே கட்டிவைத்த வசதி அது. ஒரு கல்லைக்கூட உடைக்காமல் நகரத்துக்குப் போகும் கால்வாயைக் காலி செய்தார்கள். நான்கு நாள். ஊரே சாப்பாட்டுக் கூடையோடு வந்து உட்கார்ந்தது.

#10 தச்சன்

1927-இல் நோ நேம் பள்ளத்தாக்கில் கால்வாயின் சைஃபனுக்கு வெடி வைத்ததைச் சேர்க்கும்போது 'சைஃபன்' என்றால் என்ன என்று ஒரு வரி போடுங்கள். சைஃபன் என்ற பெயர் வந்துவிட்டது, உண்மையில் அது தலைகீழ் சைஃபன், அழுத்தக் குழாய். கால்வாய் ஒரு பள்ளத்தைக் கடக்க வேண்டும். பாலம் கட்டாமல் இரும்புக் குழாயில் ஒரு கரையிலிருந்து இறக்கி மறுகரையில் ஏற்றுகிறார்கள். மறுவாய் சற்றுத் தாழ்வாக இருந்தால் போதும், தண்ணீர் தானே ஏறும். அழுத்தம் அதிகமான அடிப்பகுதியில் தகடு தடிமன், மேலே போகப்போக மெல்லிசு.

அடியில் உடைந்தால் ஓட்டையோடு போகாது. தண்ணீர் வேகமாக வெளியேறும்போது மேல்பகுதியில் வெற்றிடம் உண்டாகி, வெளிக்காற்று மெல்லிய தகட்டை அமுக்கி வெற்றுத் தகர டப்பா போல நசுக்கிவிடும். 1914-இல் ஆன்டலோப் சைஃபன் வெள்ளத்தில் அறுந்தபோது இதுதான் நடந்தது. வெட்டி மாற்றவில்லை. அறுந்த இடத்தை ஒட்டிவிட்டு மெதுவாகத் தண்ணீர் ஏற்றினார்கள், உள்ளழுத்தம் குழாயைப் பழையபடி வட்டமாக்கிவிட்டது. (அது லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி, ஆனாலும் கட்டுரையில் ஒரு அடைப்புக்குறிக்குத் தகும்.)

#11 ஆவணப்பூனை

எதிர்ப்பு அடங்கியதற்குக் காரணம் வெடியோ காவலோ இல்லை, வங்கி. எதிர்ப்பை நடத்திய வாட்டர்சன் சகோதரர்கள்தான் கவுன்டியின் வங்கியையும் நடத்தினார்கள். 1927 ஆகஸ்டில் வங்கி கதவை மூடியது, கணக்கில் கையாடல் வெளிவந்தது, இருவரும் சான் குவென்டின் சிறைக்குப் போனார்கள். ஊராரின் சேமிப்பும் அதோடு போனது. காசில்லாதவன் விலை பேச முடியாது.

1930-களின் நடுவில் பள்ளத்தாக்கின் விளைநிலத்தில் சுமார் 95 சதவீதம் நகரத்தின் கையில். இன்று இன்யோவில் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் ஏக்கர். மத்திய அரசிடம் கவுன்டியின் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல். தனியார் பட்டா நிலம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. "ஏன் ஒரே ஒரு நகரம்" என்பதற்கு இதுதான் பதில்: வீடு கட்ட மனை இல்லை. பிஷப்பில் ஒரு தெரு மேய்ச்சல் வெளியில் திடீரென்று முடிகிறதே, அதற்கப்பால் நிலத்துக்குச் சொந்தக்காரன் 400 கி.மீ. தள்ளி இருக்கிறான்.

வரி விஷயத்தையும் விடாதீர்கள். ஒரு நகராட்சி இன்னொரு கவுன்டியில் வாங்கும் நிலத்துக்கு வரி கட்ட வேண்டும் என்று 1914-இல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். வாங்கும்போது வரிக்கு உட்பட்ட நிலமாக இருந்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. மதிப்பீட்டில் தகராறு தொடரவே, 13-ஆம் பிரிவில் 11-ஆம் உட்பிரிவில் இன்யோ, மோனோ இரண்டையும் பெயர் சொல்லியே கணக்கு முறை வகுத்திருக்கிறார்கள். தங்கள் பெயரை மாநில அரசியல் சட்டத்தில் ஏற்றிய கவுன்டிகள் அதிகம் இருக்காது.

#12 பாலைப்பாடினி

எல்லாரும் 1905-இல் ஆரம்பிக்கிறீர்கள். விவசாயிகள் கையில் அந்தத் தண்ணீர் எப்படி வந்தது?

அந்த நிலத்துக்கு அதன் பூர்வகுடிகளான பையூட் மக்கள் வைத்த பெயர் பயாஹூனாடூ, 'ஓடும் நீரின் நிலம்'. பிஷப் ஓடையில் குடியேறிகள் வருவதற்கு முன்பே அவர்கள் மைல்கணக்கில் வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். மானிடவியலாளர் ஜூலியன் ஸ்டூவர்டு 1930-களில் பதிந்த முறை இது: வசந்தத்தில் ஊர் கூடி ஒரு நீர்க்காரரைத் தேர்ந்தெடுக்கும். சுமார் 25 ஆண்கள் பாறை, புதர், கழி, சேறு கொண்டு தடுப்பணை போடுவார்கள். பிறகு பாய்ச்சுவது அந்த ஒருவர் வேலை. ஓடைக்கு வடக்கே ஒரு வயல், தெற்கே ஒரு வயல், ஆண்டு மாற்றி ஆண்டு. இலையுதிர் காலத்தில் அணையை உடைப்பார்கள், நீர் ஓடைக்குத் திரும்பும், வாய்க்காலில் சிக்கிய மீனைப் பொறுக்கிக்கொள்வார்கள். அவர்கள் விதைக்கவில்லை. தானாக முளைக்கும் கிழங்குகளுக்கும் கோரைக்கிழங்குக்கும் பாய்ச்சினார்கள். "விவசாயம் தெரியாத மக்கள்" என்று பழைய அறிக்கைகள் எழுதியதற்கு ஏர் தடம் காணாததே காரணம்.

1861-இல் மாட்டு மந்தைகள் வந்து அந்த வயல்களைத்தான் மேய்ந்தன. பஞ்சத்தில் பையூட்டுகள் மாட்டைப் பிடித்தார்கள், சண்டை மூண்டது. 1862 ஜூலை 4-இல் ராணுவ முகாம் அமைத்ததால்தான் இண்டிபெண்டன்ஸ் என்ற பெயர். 1863 ஜூலையில் சுமார் 900 பேரை டெஹோன் கோட்டைக்கு நடத்திச் சென்றார்கள். பலர் திரும்பி வந்தபோது, தங்கள் வாய்க்கால் நீர் வேறொருவர் பெயரில் பதிவாகியிருந்தது.

1939-இல் நகரமும் மத்திய அரசும் நிலம் மாற்றிக்கொண்டன. பையூட்டுகளுக்காக வைத்திருந்த 2,914 ஏக்கர் நகரத்துக்குப் போனது, பதிலுக்கு பிஷப், பிக் பைன், லோன் பைன் மூன்றிலும் சேர்த்து 1,391 ஏக்கர் கிடைத்தது. நீருரிமை மாறவில்லை. நகரத்தின் சாசனப்படி நீருரிமையைக் கைமாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் சம்மதம் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். 'திருட்டு' என்ற சொல்லை விவசாயிகளுக்கு மட்டும் பயன்படுத்தினால் கட்டுரை பாதிக் கட்டுரை.

#13 செங்குட்டுவன்

இது வரைவில் இல்லவே இல்லை. தனிப் பகுதியாகச் சேர்க்கிறேன், நன்றி அக்கா. மான்சனார் முகாம் இந்தக் கதையில் எங்கே வரும்?

#14 பாலைப்பாடினி

நேராக உள்ளேயே வரும். 1910-இல் பழத்தோட்ட ஊராகத் தொடங்கியது, ஆப்பிளும் பேரிக்காயும். 1920-களில் நகரம் வாங்கியதும் ஊர் காலியானது. 1942-இல் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைக்க இடம் தேடிய ராணுவம் நகரத்திடமிருந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. உச்சத்தில் 10,046 பேர். கவுன்டியின் இன்றைய மக்கள்தொகையில் பாதிக்கு மேல். 36 தொகுதிகள், 504 கொட்டகைகள், ஒவ்வொன்றும் 20 அடிக்கு 100 அடி, நான்காகத் தடுத்து ஒரு குடும்பத்துக்கு 20-க்கு 25 அடி. பச்சை மரம் காய்ந்ததும் பலகைகளுக்கிடையே இடைவெளி விழுந்தது, அதன் வழியாக ஏரிப் பக்கத்து மணலும் தூசும் படுக்கைக்கே வந்தன. கைவிடப்பட்ட பேரி மரங்களை அடைக்கப்பட்டவர்களே கவாத்து செய்து காய்க்க வைத்தார்கள். சில மரங்கள் இன்னும் நிற்கின்றன. முகாம் 1945 நவம்பர் 21-இல் மூடியது, 1992-இல் தேசிய வரலாற்றுத் தலமானது.

#15 உப்பளத்தான்

வரி (இ). ஏரி 1926 வாக்கில் வற்றியது, அதுவரை சுமார் 280 சதுர கி.மீ. ஆனால் "இன்று வறண்ட ஏரி" என்பது பாதிதான் சரி. நீலக் கட்டங்கள் தூசு அடக்கும் குளங்கள்.

தூசு ஏன் என்பது முக்கியம். சாதாரண வறண்ட ஏரியில் மேலே கெட்டியான பொருக்கு இருக்கும், காற்று ஒன்றும் செய்யாது. இங்கே சோடியம் கார்பனேட்டும் சல்பேட்டும் இருக்கின்றன. குளிர்காலத்து ஈரத்தில் இவை நீரைச் சேர்த்துக்கொண்டு படிகமாகி ஊதும், பொருக்கை உள்ளிருந்து உடைக்கும். வெயில் ஏறியதும் நீரை விட்டு மாவாகிவிடும். கையால் அள்ளினால் சலித்த சுண்ணாம்பு மாதிரி. வசந்தக் காற்றில் உருளும் மணல் அதன் மேல் அடித்ததும் வெண்மேகமாகக் கிளம்பும். நாட்டிலேயே பி.எம். 10 நுண்தூசுக்கு மிகப் பெரிய ஒற்றை மூலமாக இருந்த இடம் இது. 24 மணி நேரச் சராசரிக்கு மத்திய வரம்பு ஒரு கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராம், கீலரில் அது பலமுறை பல மடங்கு தாண்டியது.

1998 ஒப்பந்தத்துக்குப் பிறகு நகரம் கையாளும் முறைகள்:

ஆழமற்ற நீர் நிறுத்தல். அக்டோபர் நடுவிலிருந்து ஜூன் வரை பரப்பில் 75 சதவீதம் நனைந்திருக்க வேண்டும். நம்பகமானது, ஆனால் தண்ணீர் தின்னும். காற்று நீரை ஒரு கரைக்குத் தள்ளிவிட்டால் மறுகரை காயும், அதனால் குளங்களைத் துண்டு துண்டாக மட்டம் பார்த்துப் பிரிக்க வேண்டும். நீங்கள் பார்த்த கட்டங்கள் அவைதான்.

உப்புப்புல். சொட்டுநீர் போட்டு வளர்க்கிறார்கள். அடியில் வடிகால் குழாய் இல்லாவிட்டால் உப்பு நீர் மேலேறி வேரைக் கருக்கிவிடும். புல் செத்த வயல்களில் பெரும்பாலும் வடிகால்தான் குற்றவாளி.

சரளை. நான்கு அங்குலம் பரப்ப வேண்டும், அடியில் துணி விரித்தால் இரண்டு அங்குலம் போதும். சரளையின் பெரிய இடைவெளிகளில் நீர் மேலேறாது, ஆகவே உப்பும் மேலே வராது. வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து அந்த இடைவெளிகளை நிரப்பிவிட்டால் எல்லாம் வீண்.

உழுது பார் கட்டுதல். களிமண்ணில் கட்டி நிற்கும், மணலில் நிற்காது. பார் தேய்ந்ததும் மறுபடி உழ வேண்டும்.

2014 உடன்பாடு மொத்தப் பரப்புக்கு 53.4 சதுர மைல் என்று உச்சவரம்பு வைத்தது. குளங்கள் வந்ததும் கரையோரப் பறவைகள் திரும்பிவிட்டன. தண்ணீரைக் குறைக்கலாம் என்று நகரம் நினைத்தால் இப்போது உள்ளான்கள் குறுக்கே நிற்கின்றன.

#16 நீர்வரி

உப்பளத்தாருக்கு ஒரு ஒட்டு. ஆற்றிலும் இப்போது நீர் ஓடுகிறது. 1970-இல் ஹேவீ நீர்த்தேக்கத்திலிருந்து சுமார் 220 கி.மீ.க்கு இரண்டாவது கால்வாய் வந்தது. அதை நிரப்ப நிலத்தடி நீரை இறைத்தார்கள், ஊற்றுகள் வற்றின, 1972-இல் கவுன்டி வழக்குப் போட்டது. 1991-இல் நீண்டகால ஒப்பந்தம்: கண்காணிப்பு இடங்களில் மண்ணின் ஈரம் அங்குள்ள செடிகளுக்குப் போதவில்லை என்றால் அதோடு இணைத்த கிணறுகளை நிறுத்த வேண்டும். ஈடாகக் கீழ் ஓவன்ஸ் ஆற்றில் 62 மைலுக்கு வினாடிக்கு 40 கன அடி தொடர்ந்து விட வேண்டும். இழுத்தடித்ததால் 2005-இல் நீதிமன்றம் நாளுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது, 2006 டிசம்பர் 6-இல் தண்ணீர் வந்தது. கடைசியில் ஏரிக்கு முன் ஒரு பம்பு நிலையம் அதைப் பிடித்துக் கால்வாய்க்கோ தூசுத் திட்டத்துக்கோ திருப்புகிறது. "ஆறு ஏரியில் கலக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள்.

#17 தச்சன்

டெத் வேலி போராக்ஸ் (வெண்காரம்) பகுதியில் இரு திருத்தம். '20 கோவேறு கழுதை வண்டி' என்பதில் பெரும்பாலும் 18 கழுதை, பின்னால் 2 குதிரை. மோஹாவே ரயிலடிக்கு 165 மைல், பத்து நாள். பின்சக்கரம் ஏழடி விட்டம், ஒவ்வொரு வண்டியிலும் பத்து டன், அதுபோல் இரண்டு, பின்னால் 1,200 கேலன் தண்ணீர்த் தொட்டி. வளைவில் நீளச் சங்கிலி உள்பக்கம் இழுத்து வண்டியைப் பள்ளத்தில் தள்ளப் பார்க்கும். அப்போது நடு ஜோடிகள் சங்கிலியைத் தாண்டிக் குதித்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து இழுக்கும். அதற்கென்றே பழக்குவார்கள்.

ஹார்மனி ஆலை 1883 முதல் 1888 வரைதான். "கோடையில் தொழிலாளர் தாங்க முடியாமல் மூடினார்கள்" என்று உங்கள் வரைவில் இருக்கிறது. முக்கியக் காரணம் கரைசல். கொதிக்கவைத்த போராக்ஸ் நீர் ஆறினால்தான் தொட்டியில் தொங்கும் கம்பியில் படிகம் கட்டும். கோடையில் இரவிலும் அது ஆறவில்லை. அதனால் கோடைக்கு அமர்கோசா பக்கம் ஆலையை நடத்தினார்கள்.

#18 செங்குட்டுவன்

திருத்திய வரிகள்:

அ) "1864-இல் அறிவிக்கப்பட்டு அமையாமல் போன கோசோ கவுன்டியின் நிலத்தில் 1866 மார்ச் 22-இல் உருவானது. 1870-இல் மோனோவிலிருந்தும் 1872-இல் கெர்ன், சான் பெர்னார்டினோவிலிருந்தும் நிலம் சேர்ந்தது."
ஆ) "பையூட்டுகளிடமிருந்து குடியேறிகளுக்குப் போன நீரை, 1905 முதல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் நிலத்தோடு சேர்த்து விலைக்கு வாங்கியது. முதல் கட்டத்தில் வாங்குபவர் யார் என்பது மறைக்கப்பட்டது. 1923-க்குப் பின் மேல்மடை வாய்க்கால்களையும் வாங்கியதால் விவசாயம் சுருங்கியது."
இ) "ஓவன்ஸ் ஏரி 1926 வாக்கில் வற்றியது. இன்று அதன் ஒரு பகுதி தூசைக் கட்டுப்படுத்த நீர், உப்புப்புல், சரளை ஆகியவற்றால் பராமரிக்கப்படுகிறது."

#19 ஆவணப்பூனை

(ஆ)-வில் 'சுருங்கியது' சரி, 'அழிந்தது' போடாமல் விட்டது நல்லது. நகர நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மாடு மேய்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், பாசன நிலத்துக்கு ஆண்டுக்கு ஏக்கருக்கு ஐந்து ஏக்கர்-அடி தண்ணீரோடு. ஏக்கர்-அடி என்றால் 43,560 கன அடி, இது ஆண்டு முழுவதற்குமான மொத்தம் என்று அடைப்புக்குறியில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஐந்தடி ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.